மொட்டை மாடி வழக்கு: விண்வெளியில் அரசும் தனியாரும்

மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விடுதிக் காலத்துக் குறும்புகள் நாலைந்தை எழுதித் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது. சென்ற சந்திப்பின்போது மதியச் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயற்பியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார். “சார், நான் இஸ்ரோவுக்குப் பரீட்சை எழுதலாமா, இல்ல இப்ப வந்திருக்கிற தனியார் ராக்கெட் கம்பெனிக்குப் போகலாமா? எதுக்கு சார் எதிர்காலம் இருக்கு?”

நானும் என் பக்கத்தில் இருந்த பழைய அறைத்தோழனும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் “கம்பெனி” என்றேன். அவன் “கவர்ன்மென்ட்” என்றான். மாணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் பாயசம் வந்துவிட்டது, பேச்சு நின்றது. பதில் சொல்லாமலே ஊர் திரும்பிவிட்டோம்.

நான் கோவையில் ஒரு தனியார் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அவன் தும்பாவில் சேர்ந்து, மகேந்திரகிரியில் ஓய்வு பெற்றவன். அவரவர் சோறு போட்ட இடத்துக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று நீங்கள் சிரிக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் இந்த வழக்கு எங்களுக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே தொடங்கியது, இதே விடுதியின் மொட்டை மாடியில்.

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி. பரீட்சை நேரம். மாலைச் செய்தியில் ஆரியபட்டா என்ற இந்தியச் செயற்கைக்கோள் சோவியத் நாட்டு ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றதாக வானொலி சொன்னது. அன்றிரவு புத்தகத்தோடு மாடிக்குப் போன நாங்கள் யாரும் படிக்கவில்லை. சோழவந்தான் பக்கம் அப்போதெல்லாம் விளக்கு வெளிச்சம் குறைவு; வானம் முழுக்க நட்சத்திரம். எது ஆரியபட்டா என்று ஆளுக்கொன்றைக் காட்டிக்கொண்டிருந்தோம். (எதுவும் இல்லை என்பது இயற்பியல் மாணவர்களான எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்!) “ராக்கெட்டு ரஷ்யாக்காரன்து, நம்ம டாடா பிர்லா ஒரு ராக்கெட்டு செய்யக் கூடாதா?” என்று நான் கேட்டேன். “லாபம் இல்லாத இடத்துல அவுக எதுக்குடா கால வைக்கப் போறாக?” என்றான் அவன். அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமலே, “மழை என்னைக்கு வரும்னு அது சொல்லுமாடா?” என்று கேட்டார். அந்த மூன்று பேச்சுக்குள் ஐம்பது வருட வரலாறு அடங்கிவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது.

முதலில் அவன் கட்சியைச் சொல்கிறேன். அதுதான் வரலாற்றில் மூத்தது.

1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் விக்ரம் சாராபாய். அடுத்த ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவின் நைக் அப்பாச்சி. உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. நம்முடையது கடற்கரையும், மேரி மக்தலேனா தேவாலயமும், கொஞ்சம் இளைஞர்களும். தேவாலயம்தான் அலுவலகம். உறுப்புகளைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோன படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த நிலையில் எந்த முதலாளி பணம் போடுவார்? வங்கியில் கடன் கேட்டால் மேனேஜர் என்ன முகத்தோடு பார்த்திருப்பார்? அரசு எடுத்திராவிட்டால் அது நடந்தே இருக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சாராபாய் அகமதாபாத்தின் பெரிய ஆலை முதலாளி குடும்பத்துப் பிள்ளை. 1947இல் அவர் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடம், அவர் வீட்டிலேயே, குடும்ப அறக்கட்டளையின் ஆதரவோடு முளைத்தது. மருந்துத் தொழிலையும் அவர் நடத்தினார். நஷ்டக் கணக்கு லாபக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தனியார் வீட்டுப் பிள்ளைதான், இந்த வேலை அரசிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடம் எட்டாத கிராமத்துக்குப் பாடம், விவசாயிக்கு வானிலை, மீனவருக்குத் தகவல் என்று அவர் நினைத்த எதற்கும் அன்று விலை கொடுத்து வாங்க ஆள் கிடையாது. 1969 ஆகஸ்ட் 15இல் இஸ்ரோ பிறந்தது. 1971 டிசம்பரில் சாராபாய் கோவளத்தில் காலமானார். 1972இல் விண்வெளித் துறை ஏற்பட்டு, சதீஷ் தவான் பொறுப்பேற்றார்.

1979 ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் விழுந்தது. 17 டன் ராக்கெட், 40 கிலோவைக் கொண்டுபோகத் தெரியாமல் விழுந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது தும்பாவில் புதிதாய்ச் சேர்ந்திருந்த என் நண்பன் ஒரு இன்லண்டு லெட்டர் எழுதினான். எழுத்து கோணிக் கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் தவானே உட்கார்ந்து பொறுப்பேற்றுக்கொண்டார் என்றும், திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேச விடவில்லை என்றும் எழுதியிருந்தான். 1980 ஜூலை 18இல் அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, தவான் கலாமைப் பேசச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஒரு தோல்வியைத் தாங்கிக்கொண்டு மறுபடி பணம் கொடுக்கிற மனசு அரசுக்குத்தான் உண்டு என்று என் நண்பன் சொல்வதற்கு இதுதான் முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி அவன் கண்முன்னே நடந்தது. கிரையோஜெனிக் எஞ்சின். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில், திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் வைத்துக்கொண்டு எரிக்க வேண்டும். 1991இல் சோவியத் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம். 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. தொழில்நுட்பம் வராது, தயாரான எஞ்சின் மட்டும் தருகிறோம் என்று ஆகிவிட்டது. சரி, நாமே செய்வோம் என்று தொடங்கி, மகேந்திரகிரி மலையடிவாரத்தில் வருஷக்கணக்காகச் சோதனை. 2010 ஏப்ரலில் பறக்கவிட்டபோது தோல்வி. 2013 ஆகஸ்டில் எரிபொருள் கசிந்து, கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். 2014 ஜனவரி 5ஆம் தேதிதான் ஜி.எஸ்.எல்.வி. நம் சொந்த எஞ்சினோடு மேலே போனது. “இருபது வருஷம் மாப்ளே! எந்த முதலாளி இருபது வருஷம் சம்பளம் கொடுத்துட்டு உக்காந்திருப்பான்?” என்பான். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இனி என் கட்சி.

எங்கள் பட்டறைக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி மூலமாகச் சில உருப்படிகளுக்கு ஆர்டர் வந்தது. நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வரைபடத்தில் இது எதற்கு என்று எழுதியிருக்காது. எண் மட்டும் இருக்கும். ஆனால் அளவுகளைப் பார்த்தாலே இது மோட்டார் பம்புக்கு இல்லை என்று தெரிந்துவிடும். முதல் தடவை அனுப்பிய நாற்பது உருப்படியும் திரும்பி வந்தன. துளை சில மைக்ரான் நகர்ந்திருந்தது. தப்பு எங்களுடையதுதான். முதலாளி கோபப்படவில்லை. லேத்தில் நின்ற மேஸ்திரியும் நானும் நாலு ராத்திரி தூங்காமல் மறுபடி செய்தோம். எட்டாவது வரை படித்த அந்த மேஸ்திரி, உருப்படியை விரலால் தடவிப் பார்த்தே சரி, தப்பு சொல்லிவிடுவார். பிறகு நான் மைக்ரோமீட்டர் வைத்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். பணம் வர மாதங்கள் ஆகும். ராக்கெட் பறந்த மறுநாள் பேப்பரில் எங்கள் பட்டறை பெயர் வராது. இடையில் இருந்த கம்பெனி பெயர்கூட வராது.

இப்படி நாடு முழுக்க எத்தனையோ பட்டறைகள். கோத்ரெஜ், லார்சன் அண்டு டூப்ரோ, வால்சந்த்நகர் போன்ற பெரிய நிறுவனங்களும் அந்தக் காலத்திலிருந்தே உள்ளே இருந்தன. பி.எஸ்.எல்.வி.யின் விகாஸ் எஞ்சின், பிரெஞ்சுக்காரர்களிடம் கற்றுக்கொண்டு வந்த வடிவம். அதை உருவாக்கிக் கொடுத்ததில் கோத்ரெஜுக்கும் ஐதராபாத்தின் எம்.டி.ஏ.ஆருக்கும் பங்கு உண்டு. ஆகவே “இப்போதுதான் தனியார் வந்திருக்கிறார்கள்” என்று பேசுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தனியார் கை எப்போதும் இருந்தது. வடிவம் யாருடையது, பெயர் யாருடையது, விழுந்தால் நஷ்டம் யாருடையது என்பதில்தான் வித்தியாசம். அந்த மூன்றும் அரசிடம் இருந்தன.

வெளிநாட்டிலும் கதை இப்படித்தான். சந்திரனில் இறங்கிய அப்போலோ கலத்தை நாசா வடிவமைப்பித்து வாங்கியது. செய்தது கிரம்மன் என்ற தனியார் கம்பெனி. அதற்கு முன்பே, 1962 ஜூலையில், டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோள் ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசிக் கம்பெனியின் சொந்தச் சொத்தாகப் போனது. ஏற்றிச் சென்ற ராக்கெட்டுக்கு நாசாவுக்குக் காசு கொடுத்தார்கள். இன்று எல்லார் வாயிலும் இருக்கும் ஸ்பேஸ்எக்ஸ் மூன்று முறை விழுந்து, 2008 செப்டம்பரில் நாலாவது முறைதான் எழுந்தது. அந்த டிசம்பரிலேயே நாசா அதற்கு 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அந்தப் பணம் வந்திராவிட்டால் அந்தக் கம்பெனி இன்று இருக்குமா என்பதே சந்தேகம். துணிச்சல் அவர்களுடையது, முதல் வாடிக்கையாளர் அரசு. என் நண்பன் பின்பாதியை மட்டும் படிப்பான், நான் முன்பாதியை மட்டும் படிப்பேன்.

நம் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெற்றிலைக் கொடியை யாரும் வெறும் தரையில் விடுவதில்லை. முதலில் அகத்தியை விதைத்து, அது கொஞ்சம் உயர்ந்த பிறகு கொடியை நட்டு, அகத்தியில் ஏற்றிக் கட்டுவார்கள். சந்தைக்குப் போவது வெற்றிலை. அகத்தியை யாரும் கவுளி போட்டு விற்பதில்லை. எங்கள் கொடிக்காலுக்குத் தண்ணீர் வந்ததோ, 1895இல் அரசாங்கம் கட்டிய பெரியாற்று அணையிலிருந்து.

இனி நடந்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15ஆம் தேதி பி.எஸ்.எல்.வி. ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களை விட்டது. நாடே கொண்டாடியது, நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அதில் 88, அமெரிக்காவின் பிளானட் என்ற ஒரே தனியார் கம்பெனியுடையது. அமெரிக்கத் தனியார் நம் அரசு ராக்கெட்டில் சவாரி போகலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் சொந்தமாக ராக்கெட் விட வழி கிடையாது! அன்றைக்கு நிலைமை அதுதான். 2020 ஜூனில்தான் கதவு திறந்தது. தனியாருக்கு அனுமதியும் ஆதரவும் கொடுக்க இன்ஸ்பேஸ் என்ற அமைப்பு அறிவிக்கப்பட்டது. 2023இல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது.

2022 நவம்பர் 18இல் ஐதராபாத்தின் ஸ்கைரூட், விக்ரம் எஸ் என்ற சிறு ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரம் போனது. பெயரில் இருப்பவர் சாராபாய்தான். 2024 மே 30 காலையில் சென்னையின் அக்னிகுல் தன் அக்னிபானைப் பறக்கவிட்டது. ஐ.ஐ.டி. வளாகத்தில் 2017இல் தொடங்கிய கம்பெனி அது. அதன் எஞ்சினை முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மேஸ்திரி ஞாபகம்தான் வந்தது. நாற்பது உருப்படி, நாற்பது இணைப்பு, ஒவ்வொன்றிலும் கசிவு வருமோ என்ற பயம். இப்போது இணைப்பே இல்லை! இதற்கு முன் நாலு முறை கவுண்ட்டவுனை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏவுமேடை இருப்பது இஸ்ரோவின் வளாகத்துக்குள்தான்.

நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற தனியார் அமைப்பு, நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளில் 750 மாணவிகளைக் கொண்டு ஆசாதிசாட் என்ற எட்டுக் கிலோ செயற்கைக்கோளைச் செய்தது. அதில் நம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் ஒன்று. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ராக்கெட்டில் அது கிளம்பியது. 356 கிலோமீட்டரில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அவ்வளவுதான், காற்றில் உரசி முடிந்துபோயிற்று. ஒரு நொடி அதிர்வில் உணர்கருவிகள் கெட்டுவிட்டதாகக் கணினி தப்பாக முடிவு செய்ததுதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிள்ளைகள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஆறே மாதம். 2023 பிப்ரவரி 10இல் ஆசாதிசாட் 2 சரியான பாதையில் போய் நின்றது. திருமங்கலத்துப் பிள்ளைகளின் இந்தக் கதையில் பள்ளிக்கூடம் அரசு, முனைந்தவர்கள் தனியார், விழுந்ததும் எழுந்ததும் அரசு ராக்கெட். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது? நாங்கள் இருவருமே உரிமை கொண்டாடினோம்.

அந்த எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டைச் செய்யும் உரிமையையே பிறகு தொழிலுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். ஏலம் நடந்து 2025 ஜூனில் முடிவு வந்தது. ஜெயித்தது இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அதாவது ஒரு பொதுத்துறை நிறுவனம்! என் நண்பன் அன்றிரவு பதினோரு மணிக்குப் போன் போட்டுச் சிரித்தான்.

அதே சிறு ராக்கெட்டுகளுக்காகத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கி விட்டால் இலங்கை குறுக்கே வரும். சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் போய்விடும். குலசையிலிருந்து நேர் தெற்கே திறந்த கடல். ஆனால் அதற்காக 2,200 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்திருக்கிறார்கள். தனியார் கம்பெனிகளும் அங்கிருந்து ஏவப்போகின்றன. பனையும் முருங்கையும் இருந்த நிலத்தைப் பொதுக் காரியம் என்று சொல்லி வாங்கிவிட்டு, லாபம் வரும்போது அதில் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்காமல் இருக்க முடியாது. இந்த இடத்தில் நான் என் நண்பன் கட்சிக்கு மாறிவிடுகிறேன்.

இன்னொரு இடத்திலும் மாறுகிறேன். அப்பா கேட்ட மழைக் கேள்வியில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன பயணி ரயில் ஆட்களோடு கடலுக்குள் போயிற்று. மேலிருந்து பார்க்க நமக்கென்று ஒரு கண் அன்று கிடையாது. 1983இல் இன்சாட் 1பி வந்த பிறகு புயலைப் படமாகவே பார்க்க ஆரம்பித்தோம். 1999இல் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் உயிர் போயிற்று. 2013இல் அதே கரையில் பைலின் புயல் வந்தபோது, முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. இந்தத் தகவலுக்குக் குடிசையில் இருப்பவர் மாதச் சந்தா கட்ட முடியுமா? அதற்காக அரசு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2017 ஒக்கிப் புயலில் செயற்கைக்கோள் இருந்தது, படம் இருந்தது. நடுக்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குத்தான் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதைச் சொன்னால் என் நண்பன் பேசாமல் இருப்பான். பிறகு இஸ்ரோ படகுகளுக்கென்று செய்திக் கருவி உருவாக்கியது. அதைக் குறைந்த விலைக்கு ஆயிரக்கணக்கில் செய்து தள்ள பட்டறைகள்தான் வேண்டும் என்பேன் நான்.

இனி அந்த மாணவருக்கு. தம்பி, இருபது வருடம் ஒரே எஞ்சினோடு மல்லுக்கட்டும் பொறுமை உனக்கு இருந்தால் மகேந்திரகிரிக்கு எழுது. உன் பெயர் எங்கும் வராது, சம்பளம் மாதா மாதம் வரும். நாலு முறை கவுண்ட்டவுன் நின்றாலும் அஞ்சாவது முறைக்குக் காசு எங்கிருந்து வரும் என்று தெரியாமல் தூங்க முடிந்தால் கம்பெனிக்குப் போ. இரண்டுக்குமே திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரிதான். வெப்ப இயக்கவியல் தாளை மட்டும் அரியர் வைக்காதே. (நான் வைத்தேன்.)

எழுதி முடித்ததும் இதை என் நண்பனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். “எல்லாம் சரிதான் மாப்ளே. கிரையோஜெனிக்குக்கு ஒரு பாரா, உன் பட்டறைக்கு ரெண்டு பாராவா?” என்றான். இந்த வருடப் பந்தியில் மீதியைப் பேசிக்கொள்வதாக இருக்கிறோம். அந்த மாணவர் எங்களுக்கு எதிரே இடம் பிடித்துக்கொண்டால் நல்லது.